கைமாறிய கச்சேரிகள்

மகாவைத்தியநாதையர் எப்படிப் பாடினார் என்பதை இன்று நாம் எழுத்தைக் கொண்டுதான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் அவருடைய சரித்திரத்தை எழுதிவைத்ததால் பிழைத்தோம். அந்த மகாவித்துவானுடைய சாரீரமும், சபையைத் தம் வசமாக்கிய ஆற்றலும் வர்ணனையாகவேனும் நமக்குக் கிடைத்தன. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877-ல். ஐயர் காலமானது 1893-ல். இடையே பதினாறு ஆண்டுகள் இருந்தும், அந்தக் கருவி காவிரிக் கரைக்கு வந்து அவர் முன்னே நிற்கவில்லை. ஆனால் 1965-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி மறைந்த ஜி. என். பாலசுப்பிரமணியத்தையோ, 1968-ல் மறைந்த மதுரை மணி ஐயரையோ, அவர்கள் மறைந்த பின் பிறந்தவர்கள்கூட, வர்ணம் தொடங்கி மங்களம் வரையில், மூன்று மணி நேரம் சாவதானமாகக் கேட்க முடிகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி உண்டாயிற்று என்று விசாரித்தால், இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலியும் தத்தம் அளவில் உதவியிருக்கின்றன என்பது உண்மையே. எனினும் முழுக் கச்சேரிகள் பிழைத்திருப்பதற்கு முதற்காரணம், பெயர் வெளியே தெரியாத சில நூறு ரசிகர்கள், பிரதிபலன் கருதாமல், கச்சேரிகளைத் தங்கள் செலவில் ஒலிநாடாவில் பதிந்து, ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டதுதான் என்று தெரிகிறது. சங்கீத சரித்திரங்களில் இடம்பெறாத அந்தப் பழக்கத்தின் சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இசைத்தட்டின் கதை பலரும் எழுதியது, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1902-ல் கிராமபோன் கம்பெனியின் பிரதிநிதியாகிய கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பாடவைத்துப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் தென்னாட்டு வித்துவான்களின் பாட்டும் தட்டுகளில் ஏறத் தொடங்கிற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷந்தான் பாடலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் இரவெல்லாம் வாசிக்கக்கூடியவர் என்பது பிரசித்தம். அவருடைய தோடித் தட்டு நாடெங்கும் விலைபோயிற்று என்றாலும், அந்த ராகத்தில் அவர் உலவிய பரப்பு எவ்வளவு என்பதற்கு அது ஒரு சாட்சியம் மட்டுமே. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையோ 1934-ல் காலமாகும் வரையில் தட்டுக்குப் பாடாமலே இருந்துவிட்டார். லயத்தில் அவருக்கிருந்த அசாத்தியமான தேர்ச்சியை, கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளைக் கொண்டே நாம் நம்ப வேண்டும்.

தட்டில் அடங்காத பொருள் எது என்பதை யோசித்தால்தான் பின்னர் வந்த ரசிகர்களின் ஆவல் விளங்கும். அரியக்குடி ராமாநுஜையங்கார் நிலைநிறுத்திய கச்சேரிப் பத்ததியில், வர்ணத்தால் சபையையும் சாரீரத்தையும் ஒருங்கே பதப்படுத்திக்கொண்டு, சிறியவும் பெரியவுமான கிருதிகளை விறுவிறுப்பாகப் பாடி, ஒரு பிரதான ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனம் செய்து, நிரவலும் கற்பனைச் சுவரமும் தனி ஆவர்த்தனமும் கண்டு, ராகம் தானம் பல்லவியைக் கடந்து, துக்கடாக்களில் இறங்கி மங்களத்தில் முடிப்பது என்று ஓர் ஒழுங்கு உண்டு. இந்த ஒழுங்கில் ஒவ்வோர் உருப்படியும் தனக்கு முன் வந்ததாலும் பின் வருவதாலும் சோபை பெறுகிறது. பாடகர் ஒரு சங்கதியைப் போட, வயலின்காரர் அதை வாங்கித் தம் வழியில் திருப்பித் தர, அதைக் கேட்டு உற்சாகம் கொண்ட பாடகர் தாமே எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போய்விடுகிறாரே, அந்தச் சம்பவம் பதிவறையில் நிகழ்வதற்கு இடமே இல்லை. சபையும், சகவித்துவான்களும், நேரமும் கூடியிருந்தால்தான் அது நிகழும்.

வானொலி இக்குறையை ஓரளவு நீக்கியது. சென்னை நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ம் தேதியும், திருச்சி நிலையம் அடுத்த ஆண்டு மே 16-ம் தேதியும் திறக்கப்பட்ட பிறகு, பெரிய வித்துவான்களின் பாட்டு வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்தது. 1952-ல் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி ஒரே கலைஞருக்கு நீண்ட அவகாசம் தந்தது. ஆயினும் காற்றில் வந்தது காற்றிலேயே போயிற்று. பின்னர் ஒலிநாடா வந்தபோதும், அதன் விலையைக் கருதி, ஒலிபரப்பு முடிந்ததும் பதிவை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவது உலகத்து வானொலி நிலையங்களில் எல்லாம் சகஜமாக இருந்தது. நிலையத்தில் அழிந்துபோன ஒரு கச்சேரி, அன்றிரவு வானொலிப் பெட்டியின் அருகே தம் யந்திரத்தை வைத்துப் பதிந்துகொண்ட யாரோ ஒருவர் வீட்டில் மட்டும் மிஞ்சியிருப்பது இந்தக் காரணத்தால்தான்.

கச்சேரி நடக்கும்போதே அதைப் பிடித்துவைக்க வேண்டும் என்ற ஆசை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவின் நூலகப் பொறுப்பில் இருந்த மேப்பிள்சன் என்பவர் 1901 முதல் 1903 வரையில், எடிசன் கருவியை அரங்கத்துக்குள்ளேயே ஒளித்துவைத்து, மெழுகு உருளைகளில் இரண்டிரண்டு நிமிஷமாக மேடைப் பாட்டைப் பதிந்தார். இரைச்சலுக்கு நடுவே எங்கோ தொலைவில் கேட்பது போன்ற அந்தக் குரல்களை மேல்நாட்டார் இன்றும் பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள். அவருக்கு நீளமான பதிவு கைகூடவில்லை. அதற்குக் காந்த நாடா வரவேண்டியிருந்தது. டென்மார்க்கின் பவுல்சன் 1898-லேயே காந்தமேற்றிய கம்பியில் ஒலியைப் பதிந்து காட்டியிருந்தார். ஜெர்மனியில் 1935-ல் 'மாக்னடோபோன்' வெளிப்பட்டது. யுத்தம் முடிந்தபின் அந்த வித்தை அமெரிக்காவுக்குச் சென்று, 1948-ல் ஆம்பெக்ஸ் யந்திரமாக விற்பனைக்கு வந்தது.

நம் ஊர்களில் 1950-களில் ஸ்பூல் யந்திரத்தை வாங்கக்கூடியவர்கள் சொற்பம். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. அயல்நாடு போய்வந்த டாக்டரோ, எஞ்சினியரோ, கப்பல் வியாபாரத்தில் ஈடுபட்டவரோ, வசதியுள்ள வக்கீலோ கிரண்டிக் அல்லது பிலிப்ஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருப்பார். அந்த வீட்டுக்கு 'டேப் ரிக்கார்டர் வீடு' என்றே தெருவில் பெயர் வந்துவிடும். யந்திரத்தைவிட நாடாவே நித்தியச் செலவு. ஏழு அங்குலச் சுருள் ஒன்றில் 1,200 அடி நாடா இருக்கும். விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒலி துல்லியமாக விழும், ஆனால் ஒரு பக்கம் 32 நிமிஷத்தில் தீர்ந்துபோகும். மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் 64 நிமிஷம் வரும், ஒலியில் சற்றே மங்கல் தட்டும். ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குல வேகத்தில் இரண்டு மணிக்கு மேலேயே தாங்கும், அப்போது தம்பூராவின் நாதமும் வயலினின் மேல்ஸ்தாயியும் தேய்ந்துவிடும். நான்கு மணி நேரக் கச்சேரிக்கு முதல் வேகத்தில் நான்கு சுருள் தேவை, இரண்டாம் வேகத்தில் இரண்டு போதும். இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்த்துத் தவித்துத்தான் ஒவ்வொரு ரசிகரும் வேகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பதிவுகளில் மிகுதியானவை கல்யாணக் கச்சேரிகள். சபாக்களில் அனுமதி பெறுவது சங்கடம். கோயில் உற்சவங்களில் கூட்டமும் சந்தடியும் அதிகம். கல்யாண வீட்டிலோ பெண்ணைப் பெற்றவரே அழைத்துப் பதியச் சொல்வார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் பெட்டியை மாலையிலேயே பந்தலுக்குக் கொண்டுபோய், மைக்செட்காரரைச் சிநேகம் பிடித்துக்கொண்டு, அவருடைய ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு லைன் எடுக்க வேண்டும்; அவர் இணங்காவிட்டால், பாடகர் முன்னுள்ள மைக்கின் தண்டோடு தம்முடைய சிறு மைக்கையும் நூலால் கட்டிவிட்டு, மேடையோரத்தில் சமுக்காளத்தின்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பதிபவர் பாட்டைக் கேட்பது பாதி, யந்திரத்தைக் கவனிப்பது பாதி. முகப்பில் உள்ள பச்சை ஒளிக்கண் ஒலி உயரும்போது குறுகி மூடும். முழுதும் மூடிக்கொண்டால் பதிவு கரகரத்துப் போகும். பாடகர் மேல்ஸ்தாயியை எட்டும்போது குமிழைச் சிறிது தணிப்பதும், சுருள் தீரும் தறுவாயில் பாடகரின் ஆலாபனம் எப்போது ஓயும், வயலின் முறை எப்போது வரும் என்று பார்த்திருந்து அந்த இடைவெளியில் நாடாவை மாற்றுவதும், ராகத்தின் போக்கை அறிந்தவருக்கே கைவரும் காரியங்கள். அதனால்தான் நல்ல பதிவுகள் எல்லாம் நல்ல ரசிகர்கள் கையால் விளைந்தவையாக இருக்கின்றன. பந்தலில் அழும் குழந்தை, பரிமாறக் கூப்பிடும் குரல், ஒரு சங்கதி முடிந்ததும் முன்வரிசையிலிருந்து எழும் 'பலே' எல்லாம் நாடாவில் சேர்ந்தே வரும். அவற்றை நீக்கிவிட வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள்; எனக்குச் சம்மதமில்லை. சபையின் மூச்சு இருப்பதாலேயே அது கச்சேரி.

மனத்தை வருத்தும் வழக்கம் ஒன்றும் உண்டு. நாடாவை மிச்சப்படுத்தும் பொருட்டு, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் யந்திரத்தை நிறுத்திவிடுவது பலருக்குப் பழக்கமாக இருந்தது. வயலின் வித்துவானின் ராக ஆலாபனத்தையும் சிலர் விட்டுவிட்டார்கள். பாலக்காடு மணி ஐயரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் மிருதங்கத்தை எந்த உயரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பதை உலகம் முழுமையாக அறிய உதவியிருக்கும் எத்தனையோ தனிகள், அரை மணி நேர நாடாவின் விலைக்காகத் தொலைந்தன. பிரதானமாகப் பாடியவரையே கச்சேரி என்று எண்ணிய அந்தக் காலத்து மனோபாவம் அந்த நாடாக்களில் வெட்டுத் தழும்பாகப் பதிந்திருக்கிறது. ரசிகர்களின் கைங்கரியத்தைப் புகழும்போதே இதைக் குறையென்று சொல்லத்தான் வேண்டும்.

வித்துவான்களின் அபிப்பிராயம் ஒரே தன்மையாய் இருந்ததில்லை. பதிவு செய்பவரைக் கண்டால் முகம் மலர்ந்து, மறுநாள் அவர் வீட்டுக்கே வந்து தாம் பாடியதைத் தாமே கேட்டு விமரிசித்தவர்கள் உண்டு. யந்திரம் மேடையருகில் இருந்தால் வாய் திறக்கமாட்டேன் என்றவர்களும் உண்டு. இவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஜலதோஷத்தோடு பாடிய ஒரு நாள் பாட்டு என்றென்றைக்குமாக நிலைத்துவிடுகிறது. பாடுபட்டுச் சேர்த்த பாடாந்தரத்தை, குருவுக்கு ஊழியம் செய்யாத ஒருவன் நாடாவிலிருந்து திருடிக்கொள்கிறான். சம்பாவனை கொடுக்காதவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாலக்காடு மணி ஐயருக்கோ ஒலிபெருக்கியே பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் மைக் இல்லாத கச்சேரிகளில்தான் வாசிப்பது என்று உறுதியாக இருந்தார். அத்தகைய கச்சேரிகளைப் பதிந்தவர்கள் லைனுக்கு வழியின்றித் தங்கள் சொந்த மைக்கையே நம்பினார்கள். தோலின் இயல்பான நாதம், இரும்புக் குழாயின் வழியே கெட்டுப்போகாமல், அந்தச் சில நாடாக்களில் கேட்கிறது.

இனிப் பரிவர்த்தனைக்கு வருவோம். ஒருவர் எவ்வளவு முயன்றாலும் தம் ஊரில் நடப்பதைத்தானே பதிய முடியும்? மயிலாப்பூர்க்காரரிடம் இல்லாதது பெங்களூர் ராமநவமி உற்சவத்தில் பதிந்தவரிடம் இருக்கும். அவருக்குக் கிடைக்காதது பம்பாயில் மாதுங்காவிலோ, கல்கத்தாவிலோ, டெல்லி கரோல்பாக்கிலோ யாரிடமாவது இருக்கும். ஆகவே ஜாபிதாக்கள் தபாலில் போய்வந்தன. பாடகர், பக்கவாத்தியம், இடம், தேதி, உருப்படிகள், ராகம், நாடாவின் வேகம் என்று கட்டம் போட்டு டைப் அடித்த அந்தத் தாள்களில் சில இன்னும் கிடைக்கின்றன. ஜாபிதாவைப் பார்த்து வேண்டியதைக் குறித்து, கைக்குச் சரியாகத் தம்மிடம் உள்ளதையும் எழுதி அனுப்புவார்கள். எழுதாத சட்டங்கள் சில எல்லாரையும் கட்டுப்படுத்தின. கச்சேரியைக் காசுக்கு விற்கலாகாது என்பது தலையாயது. வெறும் நாடாவை வாங்கிக் கொடுத்தால் பதிந்து தரலாம், அதற்குமேல் ஒரு காசு கேட்டவரை அப்புறம் யாரும் அண்டமாட்டார்கள். ஈடாகக் கொடுக்க ஒன்றும் இல்லாத இளைஞனுக்கு, அவன் ஞானத்தையும் ஆர்வத்தையும் பார்த்து, சும்மாவே கொடுப்பது உண்டு. யாரிடமிருந்து வாங்கினோமோ அவரைக் கேளாமல் மூன்றாமவருக்குக் கொடுக்கலாகாது என்றும் ஒரு நியமம் இருந்தது. மிகுதியாக மீறப்பட்டதும் அதுதான். நம் அதிர்ஷ்டம் அது மீறப்பட்டது.

பிரதி எடுப்பது இன்றுபோல் விநாடியில் முடியும் செயலாக இருக்கவில்லை. ஒருவர் தம் யந்திரத்தைச் சுமந்துகொண்டு மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். கூடத்தில் இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து, ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்றின் வாய்க்குக் கம்பி கொடுத்து, இரண்டையும் ஒரே கணத்தில் ஓடவிட்டால், மூன்று மணி நேரக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் இருவரும் உட்கார்ந்து கேட்டே தீர வேண்டும். வீட்டம்மாள் காபி கொண்டுவருவாள். பேரன் ஓடிவந்து சுற்றும் சுருளில் விரலை வைக்கப் பார்ப்பான். 'இந்த இடத்தில் பாப்பா வெங்கடராமையா வயலினைக் கேளும்' என்பார் ஒருவர். 'சௌடையாவாக இருந்தால் என்ன செய்திருப்பார் தெரியுமா' என்பார் மற்றவர். இசை விமரிசனம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் சிறந்த பகுதி அத்தகைய கூடங்களில்தான் வளர்ந்தது என்று நான் நினைக்கிறேன். எழுதும் நிர்ப்பந்தம் இல்லாததாலும், பேசியவர்கள் ஒரே சுவரத்தைப் பத்து முறை திருப்பிக் கேட்டிருந்ததாலும், அதில் வீண் புகழ்ச்சிக்கு இடமில்லை.

பிரதி கொடுக்க மனம் வராதவர்களும் இருந்தார்கள். தம்மிடம் மட்டுமே இருக்கிறது என்ற பெருமையைக் காப்பாற்றும் பொருட்டு, நாடாக்களைப் பீரோவில் பூட்டி, கேட்பவரிடம் இல்லையென்று சாதித்தார்கள். அவர்கள் காலத்துக்குப் பின், மதிப்பறியாத சந்ததியார் அவற்றைப் பழைய சாமான்காரனிடம் போட்டார்கள், அல்லது பூஞ்சணம் பூத்து ஒட்டிப்போன சுருள்களாகக் கண்டெடுத்தார்கள். கொடுத்தவர் வீட்டில் மூலம் அழிந்தாலும் வாங்கியவர் வீட்டில் பிரதி இருந்தது. பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறி நாதம் மங்கும் என்பது மெய்யே. ஆனாலும் நான்காம் தலைமுறைப் பிரதியாவது இருப்பதற்கும் ஒன்றுமே இல்லாதிருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. கைமாறியது பிழைத்தது, பூட்டிவைத்தது அழிந்தது: இந்தச் சரித்திரத்தில் நான் கண்ட முடிவு இது.

கைமாறிய பதிவுகளை ஒப்பிட்டு ஆராய்வது ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்தது. ஏட்டுச்சுவடிகளை வைத்துக்கொண்டு, எந்தப் பிரதி எதைப் பார்த்து எழுதியது என்று பிழைகளைக் கொண்டே பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பதுபோல, ஒரே இடத்தில் வெட்டும் ஒரே இடத்தில் இருமலும் உள்ள நாடாக்கள் எல்லாம் ஒரு மூலத்தின் வழிவந்தவை என்று ரசிகர்கள் நிச்சயித்தார்கள். தேதியிடுவதில் பக்கவாத்தியமே பெரிய பிரமாணம். பழனியின் மிருதங்கம் கேட்கிற கச்சேரிக்கு மேலட்டையில் 1964 என்று போட்டிருந்தால் அது தவறு. அவர் 1962-லேயே மறைந்துவிட்டார். அரியக்குடியும் மைசூர் சௌடையாவும் 1967 ஜனவரியில் ஒருவர்பின் ஒருவராகக் காலமானவர்கள். சௌடையாவின் ஏழு தந்தி வயலினின் கனத்த நாதம் கேட்கும் நாடாவுக்கு அந்த மாதமே எல்லை. தொப்பியில் கும்கி விழும் விதத்தைக் கேட்டு மிருதங்கக்காரரையும், வில்லின் நீளத்தைக் கேட்டு வயலின்காரரையும் பெயர் சொல்லக்கூடிய காதுகள் அந்தக் கூட்டத்தில் பல இருந்தன.

யந்திரங்கள் விளைத்த புதிர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த யந்திரங்களில் பல, விநாடிக்கு அறுபது சுழற்சி மின்சாரத்துக்காக அமைந்தவை. நம் நாட்டில் ஐம்பதுதான். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்துவிடலாம், சுழற்சியை மாற்ற முடியாது. ஆகவே மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அப்படிப் பதிந்த நாடாவைப் பிற்காலத்தில் சரியான யந்திரத்தில் போட்டால், ஒரு கட்டை சுருதியில் பாடியவர் இரண்டரைக் கட்டையில் பாடுவார். மூன்று மணி நேரக் கச்சேரி இரண்டரை மணியில் முடிந்துவிடும். சுவரங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் உயர்வதால் ராகம் கெடுவதில்லை. அறியாதவர், இளம்பிராயத்தில் பாடியது போலும் என்று வியந்து போவார். அந்த வித்துவானின் வழக்கமான சுருதி எது என்று அறிந்த ரசிகரே பிழையைக் கண்டு வேகத்தைத் திருத்துவார். நான்கு தடமாகப் பதிந்த நாடாவை இரண்டு தட யந்திரத்தில் போட்டால், பாடுகிற பாட்டோடு மறுபக்கத்துப் பாட்டும் தலைகீழாகச் சேர்ந்து கேட்கும். நெடுநாள் சுற்றியபடியே கிடந்த நாடாவில், பக்கத்துச் சுற்றின் காந்தம் ஊறி, பல்லவி தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னரே அதன் மெலிந்த எதிரொலி எழும். இவற்றையெல்லாம் சங்கீதமும் எஞ்சினியரிங்கும் ஒருங்கே அறிந்த சாமானியர்கள், எவ்விதச் சம்பளமுமின்றி, இரவு விழித்துச் சரிப்படுத்தினார்கள்.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்ட காஸெட், எழுபதுகளின் பிற்பகுதியில் நம் ஊர்களில் பரவியபோது, டேப் ரிக்கார்டர் வீடு என்ற தனிப்பெருமை போயிற்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஆளுக்கொரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். கல்லூரி மாணவனும் கச்சேரியில் பைக்குள் யந்திரத்தை வைத்துப் பதியலானான். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம் உடைய காஸெட்டில் ஆலாபனத்தின் நடுவே நாடா தீர்ந்து கிளிக்கென்று நிற்கும் சத்தம் அந்தத் தலைமுறையின் காதிலேயே தங்கிவிட்டது. ஜனநாயகம் வந்தது, தரம் தாழ்ந்தது. ஸ்பூலிலிருந்து அவசரமாகக் காஸெட்டுக்கு மாற்றிவிட்டு, இடத்தை அடைக்கிறதென்று மூலச் சுருள்களை எறிந்தவர்கள் செய்த நஷ்டம் ஈடு செய்ய முடியாதது.

சங்கீதத்தின்மேலும் இதன் விளைவு சிறிதன்று. குருமுகமாக ஒரு பாடாந்தரத்தை மட்டும் அறிந்து வளர்ந்த மாணாக்கன், ஐந்து வித்துவான்களின் ஐந்து வழிகளையும் ஒரே மாலையில் கேட்டான். பாவனை செய்து பாடும் பிரதிபிம்பங்கள் சில தோன்றின என்பதை மறுக்க முடியாது. ஆயினும் வழக்கொழிந்த ராகங்களும், யாரும் பாடாமற்போன கிருதிகளும் அந்த நாடாக்களின் வழியே மேடைக்குத் திரும்பி வந்திருப்பதை நோக்க, லாபமே மிகுதி என்பேன். சட்டம் மிகத் தாமதமாகவே விழித்தது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கென்று தனி உரிமை சொல்லப்படவில்லை. 1994-ல் செய்த திருத்தம் அதை வழங்கியதோடு, பதிகிறவரின் சொந்த உபயோகத்துக்காகவும், போதனை ஆராய்ச்சி ஆகியவற்றுக்காகவும் செய்யும் பதிவுக்கு விலக்கும் அளித்தது. காசுக்கு விற்கலாகாது என்ற ரசிகர்களின் பழைய நியமம், சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே, பெரும்பாலும் அதன் நோக்கத்தைத் தழுவியே இருந்தது.

1965-க்குப் பின் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் தளர்ந்து நம்மவர் அங்கே குடியேறியபோது, பெட்டியில் ஊறுகாய் ஜாடியோடு நாடாக்களும் கப்பலேறின. சபா இல்லாத ஊர்களில் அவையே சபாவாயின. 1978-ல் கிளீவ்லாந்தில் தொடங்கிய தியாகராஜ ஆராதனை போன்ற கூட்டங்கள் நாடா மாற்றிக்கொள்ளும் சந்தையாகவும் பயன்பட்டன. வறண்ட காற்றிலும் குளிர்ந்த அறையிலும் இருந்ததால், தஞ்சாவூர் ஜில்லாவில் பதிந்த சில கச்சேரிகளுக்கு நல்ல பிரதி கடல் கடந்த வீடுகளில்தான் கிடைக்கிறது.

பிற்பாடு ஸ்தாபனங்களும் முன்வந்தன. சென்னையில் 1980-ல் தோன்றிய 'சம்பிரதாயா', அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982-ல் நிறுவி இப்போது குர்காவ்னில் நடத்திவரும் இசை ஆவணக்களரி, மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிகளை எவரும் போய்க் கேட்கும்படி அமைந்த செவிக்கூடம் ஆகியவை போற்றத் தக்கவை. அவற்றில் உள்ள சேகரங்கள் பெரும்பாலும் தனி ரசிகர்கள் வீடுகளிலிருந்து வந்தவை. கணினியும் இணையமும் வந்தபின் பிரதி எடுப்பதில் நாதம் தேய்வது நின்றுவிட்டது. இருபது வருஷம் ஒருவர் தேடிச் சேர்த்தது இன்று ஒரு விரலளவுப் பெட்டியில் அடங்குகிறது.

ஆனால் இன்னும் மாற்றப்படாத நாடாக்கள் பரண்களில் இருக்கின்றன. அவற்றின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. அசிடேட் நாடா காடி நாற்றம் அடிக்கத் தொடங்கினால் சுருங்கி ஒடியும். எழுபதுகளில் வந்த சில வகைகளில் பசை ஈரம் குடித்து, ஓடும்போதே பூச்சு உரிந்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சணம் எதையும் விடுவதில்லை. ஆகையால் இதைப் படிக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ சேர்த்துவைத்த சுருள்கள் இருந்தால், பழைய யந்திரத்தில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், பூச்சு உரிந்த நாடா இரண்டாம் முறை பாடாது. மேலட்டையையும், அதற்குள் செருகியிருக்கும் துண்டுக் காகிதத்தையும் எறிந்துவிடாதீர்கள். அந்தக் கச்சேரிக்குப் போயிருந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், பக்கவாத்தியம் யார், கடம் யார், எந்த ஊர், யார் வீட்டுக் கல்யாணம் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதிவையுங்கள். பிறகு, நாடாவைத் துடைத்துப் பதமாக்கி மாற்றத் தெரிந்த ஆவணக்களரி ஒன்றிடம் ஒப்படைத்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றொன்றை அங்கேயே எல்லாரும் கேட்கும்படி விட்டுவிடுங்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் செய்யுங்கள்.